மண்வெட்டிக்கு முன் அழிரப்பர்: பெர்மாகல்ச்சர் வடிவமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அல்லது நாலு பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்ற எண்ணம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. நிலம், நீர், மரம், வீடு, மனிதர் என எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துத் திட்டமிடும் பெர்மாகல்ச்சர் முறையைத் தேடி இப்படி வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில இடங்களில் என் சொந்தச் சாய்வு தெரியும். தெரியட்டும்.

வடிவமைப்பு என்றால் அழகாக ஒரு வரைபடம் போடுவதுதானே?

வரைபடம் கடைசியில் கிடைக்கிற ஒரு காகிதம். எது எங்கே வர வேண்டும், எதற்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும், எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமலே விடுவது என்ற முடிவுகளை எடுக்கும் வேலைக்குத்தான் வடிவமைப்பு என்று பெயர். வண்ணப் பென்சிலில் பிரமாதமாக வரைந்துவிட்டு, பெருமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை யோசிக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் ஒரு குட்டையை நகர்த்த அழிரப்பர் போதும். தோண்டிய பிறகு அதை யார் நகர்த்துவது? செயல்முறை என்று ஒன்று தேவைப்படுவதே அதனால்தான்.

பெர்மாகல்ச்சர் எங்கிருந்து வந்தது? இயற்கை விவசாயத்துக்கு இன்னொரு பெயரா?

1970களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மாலிசனும், அப்போது இளம் மாணவராக இருந்த டேவிட் ஹோம்கிரெனும் சேர்ந்து உருவாக்கியது. அவர்களுடைய முதல் நூல் 1978இல் வந்தது. 'நிலையான வேளாண்மை' என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து இந்தப் பெயரைச் செய்தார்கள். பிறகு வேளாண்மை என்ற எல்லை போதவில்லை. வீடு, ஆற்றல், கூட்டு வாழ்க்கை எல்லாம் உள்ளே வந்ததும் 'நிலையான பண்பாடு' என்று பொருளை விரித்துக்கொண்டார்கள்.

இயற்கை விவசாயம் என்பது எப்படிப் பயிர் செய்வது என்பதைப் பற்றியது. பெர்மாகல்ச்சர் எதை எதோடு இணைப்பது என்பதைப் பற்றியது. நிலத்தைக் காப்பது, மனிதரைக் காப்பது, மிகுவதைப் பகிர்வது என்று மூன்று அறங்கள் இதற்கு அடித்தளம். மூன்றாவதைப் பலரும் மேடைப்பேச்சாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 'எவ்வளவு போதும்?' என்று கேட்பது அந்த அறம்தான். தொட்டி எத்தனை லிட்டர், பாத்தி எத்தனை சதுர மீட்டர் என்று முடிவு செய்யும்போது அந்தக் கேள்விக்கு எண்ணிலேயே பதில் எழுத வேண்டியிருக்கும்.

சாடிம், ஓப்ரெடிம் என்று என்னென்னவோ பெயர்கள். எதைப் பின்பற்றுவது?

எல்லாம் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயர்கள். சாடிம் என்றால் கள ஆய்வு, பகுப்பாய்வு, வடிவமைப்பு, செயலாக்கம், பராமரிப்பு. ஓப்ரெடிம் என்றால் கவனிப்பு, எல்லைகள், வளங்கள், மதிப்பீடு, வடிவமைப்பு, செயலாக்கம், பராமரிப்பு. உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

என் கணக்கு இது: உங்கள் சொந்த இடத்துக்குச் சாடிம் போதும். அடுத்தவர் நிலத்துக்கோ குழுவுக்கோ செய்கிறீர்கள் என்றால் ஓப்ரெடிம் நல்லது, ஏனென்றால் 'எல்லைகள்' என்ற தலைப்பு தனியாக நிற்கிறது. எல்லை என்றால் வேலி மட்டும் இல்லை. கையில் உள்ள பணம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும், சட்டம் எதை அனுமதிக்கும், வீட்டில் யாருக்கு இதில் விருப்பமே இல்லை என்பதெல்லாம் எல்லைதான். இதை எழுதாமல் விட்ட திட்டங்கள்தான் பாதியில் நிற்கின்றன.

இன்னொன்று. இவை மாடிப்படி மாதிரி வரிசையாக ஏறுவதற்கானவை அல்ல. வடிவமைக்கும்போது ஒரு சந்தேகம் வரும், திரும்பக் களத்துக்குப் போவீர்கள். போகத்தான் வேண்டும்.

ஒரு வருடம் முழுக்கக் கவனித்துவிட்டுத்தான் நிலத்தைத் தொட வேண்டுமா?

எல்லாப் பருவங்களையும் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பதற்காகச் சொன்னது அது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. பின்னால் மாற்றக்கூடியவற்றை இப்போதே செய்யலாம்: வாசலருகே ஒரு காய்கறிப் பாத்தி, மட்கு உரக் குவியல், நாற்றங்கால், தொட்டிச் செடிகள். மாற்ற முடியாதவற்றை மட்டும் தள்ளிப் போடுங்கள்.

கவனிப்பதில் ஒரு பழக்கம் மிகவும் உதவும். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'நினைத்தது' என்று எழுதிக்கொள்ளுங்கள். 'இந்த மூலையில் மண் மோசம்' என்பது நினைத்தது. 'மழை நின்று ஆறு மணி நேரம் கழித்தும் இந்த மூலையில் தண்ணீர் நின்றது' என்பது பார்த்தது. இரண்டாவதை வைத்துத்தான் வடிவமைக்க முடியும். மண் மோசமாக இல்லாமல், அந்த இடம் தாழ்வாக மட்டும் இருக்கலாமே?

எதைப் பார்ப்பது? கனமழை பெய்யும்போது குடையோடு வெளியே போங்கள். தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்வது, வெயில் நாளில் ஒரு மாதம் சுற்றினாலும் தெரியாது. காற்றுக்கு, நாலைந்து குச்சிகளில் துணிநாடா கட்டிவிட்டால் போதும். எந்தக் களை எங்கே தானாக முளைக்கிறது, ஆட்கள் எந்த வழியாகக் குறுக்கே நடக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றையடித் தடத்தின் மேல் பாத்தி போட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மழை அளவைக் கேட்கும்போது ஆண்டுச் சராசரியோடு நிற்காதீர்கள். ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு பெய்தது, மழையே இல்லாமல் தொடர்ந்து எத்தனை நாள் போனது என்று கேளுங்கள். முதல் எண் வடிகாலின் அளவைச் சொல்லும், இரண்டாவது தொட்டியின் அளவைச் சொல்லும். சராசரிக்கு வடிவமைத்தது சராசரி ஆண்டில் மட்டும்தான் வேலை செய்யும்.

ஒரு நூலில் வெயில் பக்கம் வடக்கு என்கிறார்கள், இன்னொன்றில் தெற்கு. எது சரி?

எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். டாஸ்மேனியா தென்கோளத்தில் இருக்கிறது, அங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஐரோப்பாவில் தெற்கே. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவே, அதாவது நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 23.4 பாகைக்குள் இருப்பவர்களுக்கு, நண்பகல் நிழல் ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கேயும் மறு பகுதியில் தெற்கேயும் விழும். குளிர்நாட்டு நூல்கள் வெயிலைப் பிடித்து உள்ளே கொண்டுவரச் சொல்லும். வெப்பமான இடங்களில் அதே வெயிலைத் தடுப்பதுதான் வேலை. ஜூன், டிசம்பர் மாதங்களின் 21ஆம் தேதி வாக்கில் காலை, நண்பகல், மாலை நிழலைத் தரையில் குறித்துவிட்டால் எந்த நூலையும் நம்பியிருக்க வேண்டாம்.

அடிப்படை வரைபடத்துக்குச் சர்வேயர் வேண்டுமா? மென்பொருள் கற்க வேண்டுமா?

சிறிய இடத்துக்கு இரண்டும் வேண்டாம். நீளமான டேப் ஒன்று, கூட ஒரு ஆள். வீட்டின் இரண்டு மூலைகளை நிலையான புள்ளிகளாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மரமும் கிணறும் அந்த இரண்டிலிருந்தும் எத்தனை மீட்டர் என்று அளங்கள். காகிதத்தில் காம்பஸால் இரண்டு வில் போட்டால் அவை வெட்டும் இடத்தில் மரம்.

சரிவுக்கு ஏ வடிவச் சட்டம். இரண்டு சமநீளக் கழிகள், நடுவில் ஒரு குறுக்குக் கழி, உச்சியிலிருந்து நூலில் தொங்கும் ஒரு கல். சட்டத்தை நிறுத்தி, குறுக்குக் கழியில் நூல் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் சரியான நடுப்புள்ளிதான் மட்டம். நூல் அந்தப் புள்ளியில் நிற்கும்படி சட்டத்தை அடியடியாக நகர்த்தி முளை அடித்துக்கொண்டே போனால், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடு கிடைத்துவிடும்.

வரைபடம் தயாரானதும் அதன்மேல் எழுதாதீர்கள். மேலே மெல்லிய ஒளிபுகும் தாள்களை வைத்து ஒன்றில் நீர், ஒன்றில் நிழல், ஒன்றில் காற்று, ஒன்றில் நடமாட்டம் என்று வரையுங்கள். நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க் 1960களில் பெரிய நிலப்பரப்புகளுக்குச் செய்து காட்டிய முறை இது. தாள்களை அடுக்கிப் பார்த்தால், எதற்கும் இடைஞ்சல் இல்லாத இடமும் எல்லாப் பிரச்சினையும் சேரும் இடமும் தாமாகவே தெரியும். மென்பொருள் பெரிய நிலத்துக்கு உதவும். ஆனால் கணினியில் அழகாக வந்துவிட்ட கோட்டை அழிக்க மனம் வராது, அதுதான் தொல்லை.

எந்த முடிவை முதலில் எடுப்பது? நான் கன்று வாங்கிவிட்டேனே!

வாங்கிவிட்டீர்களா, சரி, நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அவசரமில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த பதில் பெர்மாகல்ச்சருக்கும் முந்தையது. பி. ஏ. யோமன்ஸ் என்ற ஆஸ்திரேலியர், சுரங்கப் பொறியியலில் இருந்து பண்ணைக்கு வந்தவர், 1950களில் ஒரு வரிசையை வகுத்தார்: தட்பவெப்பம், நிலத்தின் வடிவம், நீர், பாதைகள், மரங்கள், கட்டடங்கள், வேலிகள், மண். எது எவ்வளவு நிலையானது, அதாவது மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதுதான் வரிசையின் தர்க்கம். தட்பவெப்பத்தை உங்களால் மாற்ற முடியாது, அதனால் அது முதலில். குட்டை எங்கே என்று தெரியாமல் பாதை போட்டால், பிறகு குட்டைக்காகப் பாதையை உடைக்க வேண்டும். பாதை தெரியாமல் மரம் நட்டால், பத்தாண்டு வளர்ந்த மரம் வண்டிக்குக் குறுக்கே நிற்கும்.

மண் கடைசியில் இருப்பதைப் பார்த்துப் பலர் கோபப்படுகிறார்கள். மண்தானே எல்லாம் என்பார்கள். மண் முக்கியமில்லை என்று யோமன்ஸ் சொல்லவில்லை. இந்தப் பட்டியலில் மிக விரைவாக மாற்றக்கூடியது மண் என்பதுதான் அவர் சொன்னது. மண்மேல் இலைதழை பரப்பும் மூடாக்கும், மட்கு உரமும், மண்ணை மூடி வளரும் மூடுபயிரும் சில பருவங்களில் மண்ணை வேறாக்கிவிடும். வீட்டை அப்படி வேறாக்க முடியுமா?

நிலம் ஏற்கெனவே பாதி கட்டியாகிவிட்டது என்றால் வரிசை மாறும். இருக்கும் வீட்டையும் சாலையையும் நிலவடிவத்தோடு சேர்த்து 'மாறாதவை' பட்டியலில் போட்டுவிட்டு மீதியைத் தொடங்குங்கள். எந்தப் பட்டியலும் நினைவில் நிற்கவில்லை என்றால், ஒவ்வொரு முடிவுக்கு முன்னும் 'இதைப் பின்னால் மாற்ற எவ்வளவு பாடுபட வேண்டும்?' என்று மட்டும் கேளுங்கள். அதிகப் பாடு உள்ளது முன்னே வரட்டும்.

மண்டலங்கள் என்பது வீட்டைச் சுற்றி வட்டம் போடுவதா?

நூல்களில் வட்டமாக வரைந்து காட்டுவதால் வந்த வினை. வீடு பூஜ்யம், தினமும் போகும் இடம் ஒன்று, அப்படியே போய் மனிதர் தலையிடாமல் விடும் இடம் ஐந்து. அளவுகோல் மீட்டர் இல்லை, நீங்கள் எத்தனை தடவை அங்கே போவீர்கள் என்பதுதான். வாசலிலிருந்து கேட் வரை உள்ள பாதையின் இருபுறமும், எவ்வளவு நீளமாக இருந்தாலும், முதல் மண்டலம். வீட்டுக்குப் பின்னால் பத்தடியில் இருந்தாலும், கதவில்லாத சுவருக்கு அப்பால் என்றால் அது மூன்றாவது மண்டலம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வெளியிலிருந்து வரும் சக்திகள்: வெயில், காற்று, வெள்ளம், தீ, இரைச்சல், பார்க்கப் பிடித்த காட்சி, பிடிக்காத காட்சி. ஒவ்வொன்றும் ஒரு திசையிலிருந்து விசிறிபோல் உள்ளே நுழைகிறது. தடுப்பதா, திருப்புவதா, வரவேற்பதா என்று மூன்றே கேள்விகள்.

'கோழிப் பகுப்பாய்வு' என்கிறார்களே, கோழி வளர்க்காதவர்களுக்கு அது எதற்கு?

மாலிசன் கோழியை உதாரணமாக எடுத்ததால் வந்த பெயர். ஒரு பொருளுக்கு என்ன தேவை, அது என்ன தருகிறது, அதன் இயல்பு என்ன என்று மூன்று பட்டியல் போட வேண்டும். கோழிக்குத் தீனி, தண்ணீர், நிழல், பாதுகாப்பு வேண்டும். முட்டை, எரு, இறகு, வெப்பம் தரும். கிளறுவது அதன் இயல்பு. ஒன்றின் தேவை இன்னொன்றின் விளைவாக இருக்கும்படி பக்கத்தில் வைத்தால் நடுவில் மனித உழைப்பு குறையும். யாருக்கும் பயன்படாத விளைவு மாசாகிவிடும், யாரும் நிறைவேற்றாத தேவை உங்கள் வேலையாகிவிடும்.

கோழிக்குப் பதில் ஒரு தண்ணீர்த் தொட்டியை எடுத்துச் செய்து பாருங்கள். சேமிப்பு மட்டும்தான் என்று நினைப்போம். ஆனால் அது நிழல் தரும், காற்றைத் தடுக்கும், பகல் வெப்பத்தை இரவில் மெல்ல விடும், நிரம்பினால் வழியும். தொட்டி வழியும் இடத்தில் ஒரு மரம் நிற்க வேண்டும் என்பது இப்படித்தான் தோன்றும். இதை மறுபக்கமாகவும் திருப்புங்கள்: தண்ணீர் மாதிரி முக்கியமான தேவைக்கு ஒரே வழி போதாது. மோட்டார் நின்றால் என்ன செய்வீர்கள் என்று வரைபடத்தில் பதில் இருக்க வேண்டும்.

சமஉயர வாய்க்கால் வெட்டினால்தான் பெர்மாகல்ச்சரா?

இந்தத் துறையின் மோகங்களில் ஒன்று அது. சமஉயரக் கோட்டின்மேல் மட்டமாக வெட்டி, மண்ணைத் தாழ்வான பக்கம் வரப்பாகப் போட்டு, ஓடும் நீரை நிறுத்தி உள்ளே இறக்கும் வாய்க்கால். சரியான இடத்தில் அற்புதமான உத்தி. செங்குத்தான சரிவில் இதே வாய்க்கால் மண்சரிவை வரவழைக்கலாம். தண்ணீர் இறங்காத களிமண்ணில் வேர்கள் அழுகும். வீட்டின் அடித்தளத்துக்கு மேட்டுப்பக்கம் வெட்டினால் சுவர் ஈரமாகும்.

வெட்டுவதற்கு முன் ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளங்கள். அப்புறம் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 2,500 லிட்டர், சிதறலும் ஆவியாதலும் போக 2,000க்குக் கொஞ்சம் மேலே கைக்கு வரும். பிடிக்க நினைப்பதைப் போலவே, மிஞ்சுவது எந்த வழியாகப் போகும் என்பதையும் வரையுங்கள். மறுகால், அதாவது மிகுந்த நீர் வெளியேறும் வழி, இல்லாத வாய்க்கால் தானே ஒரு மறுகாலை உடைத்துக்கொள்ளும், அது நீங்கள் விரும்பும் இடமாக இருக்காது.

குழுவில் ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள். எப்படி வடிவமைப்பது?

ஆட்கள் கேட்பது பெரும்பாலும் பொருளை. ஒருவர் குட்டை வேண்டும் என்பார், இன்னொருவர் கூடாது என்பார். 'எதற்காக?' என்று இரண்டு மூன்று தடவை கேட்டால் அடியில் உள்ள தேவை வெளியே வரும். முதலாமவருக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும், இரண்டாமவருக்குக் குழந்தைகள் விழுந்துவிடுவார்களோ என்ற பயம். மூடிய தொட்டி இருவருக்கும் பொருந்தலாம். வரைபடத்தை விரிப்பதற்கு முன்பே இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். காகிதத்தில் குட்டையைப் பார்த்துவிட்டால் அப்புறம் அதை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் கௌரவப் பிரச்சினை.

கூட்டத்தில் ஒரு யோசனையை எடைபோட, சிந்தனை முறைகளைப் பற்றி நிறைய எழுதிய எட்வர்ட் டி போனோ சொன்ன எளிய முறை உண்டு. நல்லது, கெட்டது, சுவாரசியமானது என்று மூன்று பத்திகள். யோசனை சொன்னவரே கெட்டதையும், எதிர்ப்பவரே நல்லதையும் எழுதினால் இன்னும் நல்லது. மூன்றாவது பத்தியில்தான் பெரும்பாலும் புது வழி கிடைக்கும்.

நிலமே இல்லாத திட்டங்களுக்கு இது உதவுமா? பழுதுபார்க்கும் கூடம், பயிற்சிப் பட்டறை மாதிரி?

உதவும், கொஞ்சம் மொழிபெயர்க்க வேண்டும். மண்டலம் என்பது அடிக்கடி வருபவர், எப்போதாவது வருபவர், பெயருக்கு ஆதரவு தருபவர் என்று ஆகும். வெளிச்சக்திகள் என்பவை விதிமுறைகள், நிதி, பள்ளி விடுமுறை, ஊர்ப்பேச்சு. தேவை-விளைவுப் பட்டியல் அப்படியே பொருந்தும். பெர்மாகல்ச்சர் ஆசிரியர் லூபி மெக்னமாரா 2012இல் முன்வைத்த வடிவமைப்பு வலை இதற்கென்றே செய்தது போன்றது. படிகளுக்குப் பதில் ஒரு வட்டத்தில் கனவு, தடைகள், உந்துதல், பாராட்டு, ஓய்வு போன்ற புள்ளிகள் இருக்கும், எதிலிருந்தும் தொடங்கலாம். ஓய்வை ஒரு வடிவமைப்புப் புள்ளியாக வைத்தது எனக்குப் பிடிக்கும். தன்னார்வத் திட்டங்கள் பலவற்றில் பணத்துக்கு முன்பே ஆட்களின் தெம்பு தீர்ந்துவிடுகிறது.

பெர்மாகல்ச்சரில் சொல்வது எல்லாம் நிரூபிக்கப்பட்டதா?

இல்லை. மூடாக்கு ஆவியாதலைக் குறைக்கும், பயறுவகை வேர்முண்டுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக நிலைநிறுத்தும் என்பவை உறுதியானவை. சில செடிகள் ஆழத்திலிருந்து சத்துகளை இழுத்து மேல்மண்ணுக்குத் தரும் 'சேகரிப்பிகள்' என்ற பட்டியல் பரவலாகச் சுற்றுகிறது. அதற்கு ஆய்வு ஆதாரம் மெலிதுதான். சோதனையாகச் செய்யலாம், முழு வடிவமைப்பையும் அதன்மேல் கட்டாதீர்கள்.

முறையின்மேலும் ஒரு விமர்சனம் உண்டு. பொருட்களின் பட்டியல் போட்டு அவற்றை இணைப்பது, உறுப்புகளைத் தைத்து உடம்பு செய்வது போன்றது என்பார்கள். கருவில் உடம்பு அப்படி உருவாவதில்லை, முழுமை முதலில் இருக்கிறது, உறுப்புகள் அதற்குள் பிரிகின்றன. கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரின் சிந்தனை இது. நான் இதில் பாதி உடன்படுகிறேன். இடத்தை முழுதாகப் பார்த்து 'இது எப்படிப்பட்ட இடம்?' என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் பட்டியலுக்கு வந்தால் பட்டியல் பாதியாகச் சுருங்குகிறது.

எதிலிருந்து வேலையைத் தொடங்குவது?

முடிவெடுக்கும் வரிசை வேறு, வேலை செய்யும் வரிசை வேறு. வேலையில் முதலில் வண்டி வரும் வழி, பிறகு மண்வேலையும் நீரும், பிறகு காற்றுத்தடுப்பு, அப்புறம் மரங்கள். இயந்திரம் வரும் வேலைகளை ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள். நடவு மட்டும் வீட்டு வாசலிலிருந்து வெளியே நோக்கிப் போகட்டும். முதல் ஆண்டில் நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவில் பாதியை மட்டும் நடுங்கள். பாதி என்பது கஞ்சத்தனமாகத் தெரியும், கோடையில் தண்ணீர் ஊற்றும்போது தெரியாது.

எல்லாம் செய்தும் தவறாகப் போனால்?

போகும். அதனால்தான் பலர் சாடிமின் முடிவில் மதிப்பீடு, திருத்தம் என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒன்று மழையிலும் ஒன்று வறட்சியிலும், பழைய வரைபடத்தோடு நடந்து வாருங்கள். எது செத்தது என்பதோடு, எதை யாரும் பயன்படுத்தவில்லை என்பதையும் குறியுங்கள்.

என் முதல் வடிவமைப்பில் கம்போஸ்ட் குழியைத் தோட்டத்தின் கடைசி மூலையில் வைத்தேன். வரைபடத்தில் அது அங்கேதான் ஒழுங்காக இருந்தது. வாளியோடு எண்பது அடி நடக்க வேண்டும், மழையில் யாரும் போகவில்லை. ஆறு மாதத்தில் சமையலறைப் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு குப்பைக் குவியல் தானாக உருவாகிவிட்டது. முதலில் வீட்டாரைத் திட்டினேன். பிறகு அந்தக் குவியலைச் சுற்றியே நாலு பலகை அடித்தேன். மூலைக் குழியில் இப்போது ஒரு பூசணிக்கொடி படர்ந்திருக்கிறது, அதை நட்டது நானில்லை.